உளவுக்கு ஒரு அருங்காட்சியகம்: சீட்டை எழுதப் போவது யார்?

(மாணவர் வாசிப்பு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

முன்னாடி உட்கார்ந்திருக்கிற மாணவத் தோழர்களுக்கும், கடைசி வரிசையில் சின்ன நோட்டோடு உட்கார்ந்திருக்கிறவருக்கும் வணக்கம். நம்ம கூட்டம் எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. இன்றைக்குத் தலைப்பே அவருடைய தொழில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன், அவர் எழுதிக்கொள்ளட்டும்.

என்னைப் பேச வைத்தது ஒரு தம்பி கொண்டுவந்து காட்டின செய்தி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்கிற ஊரில், உளவுக்கும் ராணுவச் சிறப்பு நடவடிக்கைகளுக்கும் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டுவதென்று 2010களில் திட்டம் போட்டார்கள். திட்டம் போட்டது ஓ.எஸ்.எஸ். சொசைட்டி என்கிற அமைப்பு. ஓ.எஸ்.எஸ். என்றால் 'ஆஃபீஸ் ஆஃப் ஸ்ட்ராட்டஜிக் சர்வீசஸ்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 ஜூனில், அதிபர் ரூஸ்வெல்ட் உண்டாக்கின உளவு அமைப்பு. தலைவர் வில்லியம் டோனவன், நியூயார்க் வக்கீல், பெரிய இடத்து ஆள். அவர் சேர்த்த ஆட்களில் பலர் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால், ஓ.எஸ்.எஸ். என்ற எழுத்துக்களுக்குப் 'பெரிய வீட்டுச் சங்கம்' என்கிற பொருள்படக் கிண்டலான விரிவாக்கம் ஒன்றை அப்போதே அங்கே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். 1945இல் கலைத்துவிட்டார்கள். 1947இல் சி.ஐ.ஏ. வந்தது. இன்றைக்கு அமெரிக்கா உலகம் முழுக்க நடத்துகிற உளவுக்கும் கமாண்டோப் படைகளுக்கும் பாட்டன் இந்த ஓ.எஸ்.எஸ்.தான். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதில் வேலை பார்த்தவர்களுக்குத் தங்கப் பதக்கமும் கொடுத்தது. அந்தப் பாட்டனுக்கு, பேரப்பிள்ளைகள் கட்ட நினைக்கிற மாளிகை இது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தோழர் ஒருத்தர் காலையில் டீக்கடையிலேயே கேட்டுவிட்டார். சொல்கிறேன்.

சென்னையில் பழைய ஆட்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். அந்தப் பேரை வைத்தவர் யாரோ, படித்தவர்களைவிட விவரமானவர். செத்ததை வைத்துப் பாடம் நடத்துகிற இடம்தான் அது. பாடத்தை நடத்துவது பெட்டிக்குள் இருக்கிற பொருள் இல்லை, அதற்குக் கீழே ஒட்டியிருக்கிற சீட்டு. ஒரு ஊரில், பேர் வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பறையைப் பார்த்தேன். கீழே சீட்டு: 'தோல் இசைக்கருவி. கிராமியம்.' அவ்வளவுதான். அடித்தவன் யார், தோலைப் பதம் பண்ணினவன் யார், எந்தெந்தச் சாவுக்கு அதை அடிக்கச் சொல்லி உதைத்தார்கள், எப்போது அடிக்க மாட்டேன் என்று சொன்னான், ஒன்றும் இல்லை. பறை இருக்கிறது, பறையன் இல்லை. சொல்லாடல், கட்டவிழ்ப்பு என்றெல்லாம் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அந்த இரண்டு வார்த்தைச் சீட்டு போதும்.

இப்போது உளவை எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியமாக நடந்த வேலை. காகிதம் எரிந்திருக்கும், பேர் மாறியிருக்கும். எந்த வரலாற்றையும்விட இங்கே சீட்டு எழுதுகிறவன் கை ஓங்கியிருக்கும், ஏனென்றால் எதிர்த்துக் கேட்க ஆதாரம் இருக்காது. அதனால்தான் கட்டடம் எழும்புவதற்கு முன்னாடியே, திட்டமாக இருக்கும்போதே, யார் யாருக்கு எந்தப் பெட்டி என்று கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

வர்ஜீனியா என்றார்கள் இல்லையா, அந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1781. அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்துச் சண்டை போட்ட காலம். ஜேம்ஸ் என்று ஒருத்தர், வில்லியம் ஆர்மிஸ்டெட் என்கிறவருக்கு அடிமை. பிரெஞ்சுக்காரத் தளபதி லஃபாயெத்துக்காக, ஓடிப்போன அடிமை மாதிரி வேடம் போட்டு, பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிசின் பாசறைக்குள் போகிறார். காரன்வாலிஸ் யாரென்று நமக்குத் தெரியும். அங்கே தோற்றுவிட்டு இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து நிலத்தை ஜமீன்தார்களுக்கு எழுதிக்கொடுத்த அதே ஆள்தான். ஜேம்ஸ் அங்கே எடுபிடி வேலை செய்கிறார். அதிகாரிகள் மேப்பை விரித்து வைத்துப் பேசுகிறார்கள், இவர் பக்கத்தில் நிற்கிறார். யாரும் 'வெளியே போ' என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பிரிட்டிஷ்காரர்களே அவரை அந்தப் பக்கம் உளவு பார்க்க அனுப்புகிறார்கள். அவர் இவர்களுக்குப் பொய்யும் அவர்களுக்கு நிஜமும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்த அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைகிறார்.

நாடு விடுதலை அடைந்தது. ஜேம்ஸ்? திரும்பவும் ஆண்டை வீட்டுக்குப் போனார், அடிமையாக. 1783இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். எஜமானுக்குப் பதிலாகப் படையில் சிப்பாயாகச் சேர்ந்த அடிமைகளை விடுவிக்கலாம் என்று சட்டம். ஜேம்ஸ் துப்பாக்கி பிடிக்கவில்லை, உளவு பார்த்தார். உளவாளி சிப்பாய் இல்லை. ஆகவே விடுதலை இல்லை. 1784இல் லஃபாயெத் தன் கைப்பட ஒரு சான்று எழுதிக்கொடுத்த பிறகு, மனு மேல் மனு போட்டு, 1787இல்தான் வர்ஜீனியா சட்டமன்றம் அவரை விடுவித்தது. அதிலும் பாருங்கள், நஷ்டஈடு யாருக்குக் கொடுத்தார்கள் என்றால் ஆண்டைக்கு. ஆறு வருசம் முன்னாடி நாட்டைக் காப்பாற்றினவருக்கு இல்லை, அவரை வைத்திருந்தவருக்கு. 1819இல் வருசத்துக்கு 40 டாலர் பென்ஷன் வந்தது. 1824இல் லஃபாயெத் கிழவராகி அமெரிக்காவுக்கு வந்தபோது, கூட்டத்தில் நின்ற ஜேம்சை அடையாளம் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். மியூசியம் எதை வைக்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டிப்பிடித்ததை வைக்கும். நான் கேட்பது, அந்த நஷ்டஈட்டுக் கணக்கை வைப்பார்களா என்பதுதான்.

மனுசனாகவே நினைக்காதவன் முன்னாடி எதை வேண்டுமானாலும் பேசலாம். இது ஒடுக்குகிறவனுடைய பலவீனம், எல்லா நாட்டிலும் உண்டு. அர்த்தசாஸ்திரம் எழுதினவனுக்கும் தெரியும்: கூனர், குள்ளர், ஊமை, செவிடு மாதிரி நடிக்கிறவர்களை வீட்டுக்குள்ளே உளவு பார்க்க வை என்று எழுதிவைத்திருக்கிறான். திருக்குறளிலும் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, பத்துக் குறளும் அரசனுக்குத்தான் சொல்லப்பட்டது. ஒற்றனுக்கு என்ன கூலி, பிடிபட்டால் அவன் குடும்பத்துக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்று அந்தக் குறள்களில் இல்லை.

எங்க ஆயா கதை ஒன்று சொல்கிறேன், நீளமாகாது. ஆயா ஆண்டை வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டுகிற வேலை. கூலிப் பிரச்சினை நடந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருக்கும்போது, திண்ணையில் நாலுபேர் உட்கார்ந்து ராத்திரி எந்தப் பக்கமிருந்து சேரிக்குள்ளே வருவது, எந்தக் கூரையில் முதலில் வைப்பது என்று பேசியிருக்கிறார்கள். ஆயா பத்தடி தூரத்தில் நிற்கிறது. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. ஆயா சாணியை அள்ளி முடித்துவிட்டு, கொட்டகையைக் கழுவிவிட்டு, எப்போதும் போகிற நேரத்துக்குத்தான் கிளம்பி வந்தது. அவசரப்பட்டால் சந்தேகம் வந்துவிடும் இல்லையா, அது யார் சொல்லிக்கொடுத்த பயிற்சி? அன்றைக்கு ராத்திரி சேரியில் ஒருத்தரும் வீட்டில் படுக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் கிடந்தார்கள். ஏழு வீடு எரிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. மறுநாள் காலையில் ஆயா திரும்பவும் கொட்டகை கூட்டப் போனது. போகாவிட்டால் தெரிந்துபோகும். இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னது, அதுவும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. காகிதம் எதுவும் இல்லை. அந்தத் துடைப்பமும் இல்லை.

ஹேரியட் டப்மனைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். தானும் தப்பித்து, திரும்பத் திரும்பப் போய் அடிமைகளை அழைத்து வந்த பெண். உள்நாட்டுப் போரில் அந்தம்மா செய்தது முழுக்கவும் இந்த மியூசியத்தின் தலைப்புக்குள் வருகிற வேலை. தென் கரோலினாவில் ஆற்றங்கரைக் கறுப்பு ஜனங்களை வைத்து ஒரு ஒற்றர் கூட்டத்தை நடத்தினார். நீருக்குள் கண்ணிவெடி எங்கே இருக்கிறது என்று ஆற்றில் படகு தள்ளுகிற ஆளுக்குத்தான் தெரியும். அந்தத் தகவலை வைத்து 1863 ஜூனில் கம்பாஹி ஆற்றில் ராணுவப் படகுகளோடு போய் ஒரே ராத்திரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்துக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்தது. பென்ஷன் கேட்டார், கிடைக்கவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். 1899இல் மாசம் 20 டாலர் ஆனது: அதில் 8 டாலர் முன்னாள் சிப்பாயின் விதவை என்பதற்காக, 12 டாலர் போரில் செவிலி வேலை பார்த்ததற்காக. உளவு பார்த்ததற்கு ஒரு காசு இல்லை. 2022இல் சி.ஐ.ஏ. தன் தலைமையகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. அந்தத் தலைமையகமும் வர்ஜீனியாவில்தான். சிலை வைப்பது சுலபம், அதற்கு மாசாமாசம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் பழைய கதை, ஓ.எஸ்.எஸ்.சின் சொந்தக் கதைக்கு வா என்பீர்கள். வருகிறேன். ஓ.எஸ்.எஸ். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற படைப்பிரிவுகளில் ஒன்று 101ஆவது பிரிவு. பர்மாவில் ஜப்பானியர்களுக்குப் பின்னால் காட்டுக்குள் நடந்த கெரில்லாச் சண்டை. அதன் தலைமை இடம் நம்ம அஸ்ஸாமில், நாஜிராவில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்துக் கூலிகளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை, அது கிடக்கட்டும். அமெரிக்கர்கள் சில நூறு பேர். காட்டில் நடந்தது, மறைந்து சுட்டது, பாலத்தைத் தகர்த்தது, விழுந்த விமானிகளைத் தேடி எடுத்து வந்தது எல்லாம் பெரும்பாலும் கச்சின் என்கிற மலைச்சாதி மக்கள். கடைசிக் கட்டத்தில் பத்தாயிரம் பேர்வரை இருந்தார்கள். அந்தப் பிரிவில் செத்த அமெரிக்கர்கள் முப்பதுக்கும் குறைவு. செத்த உள்ளூர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேல். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பெட்டி நிறைந்துவிடும்.

ஆனால் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை வேறு ஒன்று. இத்தனை ஜப்பானியர்களைக் கொன்றோம் என்று கச்சின் வீரர்கள் சொன்னபோது அமெரிக்கத் தளபதி நம்பாமல் ஆதாரம் கேட்டாராம். ஒருத்தர் மூங்கில் குழாயைக் கவிழ்த்தாராம், காய்ந்த காதுகள் கொட்டினவாம், இரண்டால் வகுத்துக்கொள் என்றாராம். சுவாரசியமான கதை. கச்சின் மக்களை அதோடு முடித்துவிடுகிறது என்பதுதான் தொல்லை. கணக்கு கேட்டவன் நாகரிகமானவன், காதைக் காட்டினவன் காட்டுமிராண்டி. நம்பாமல் ஆதாரம் கேட்ட அந்த அவமானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போர் முடிந்தபின் ஓ.எஸ்.எஸ். வீட்டுக்குப் போய்விட்டது. கச்சின் மக்கள் 1947 பிப்ரவரியில் பாங்லாங்கில் ஆங் சானோடு ஒப்பந்தம் போட்டு, சுயாட்சி கிடைக்கும் என்று பர்மாவில் சேர்ந்தார்கள். கிடைக்கவில்லை. 1961இல் தனியாகப் படை கட்டினார்கள். 1994இல் போர்நிறுத்தம். 2011இல் அது உடைந்து, லட்சம் பேருக்கு மேல் அகதி முகாம்களுக்குப் போனார்கள். 101ஆவது பிரிவில் இருந்த பழைய ஆட்கள் சிலர், அதையும் சொல்ல வேண்டும், வயசான காலத்தில் கச்சின் மலைகளில் அபினுக்குப் பதிலாக வேறு பயிர் வைக்க உதவி செய்தார்கள். தங்களுக்கு ஒரு கடன் இருக்கிறது என்று அந்தத் தனி மனுசர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கத்துக்குத் தெரியவில்லை.

லாவோஸில் ஹ்மாங் மக்களுக்கும் இதேதான். 1961 முதல் சி.ஐ.ஏ. அவர்களை வைத்து ஒரு ரகசியப் போரை நடத்தியது. 1975இல் லோங் தியெங் விமானத்தளத்திலிருந்து ஒரு சில ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் மெக்காங் ஆற்றை நீந்தினார்கள். 1997இல்தான் ஆர்லிங்டன் கல்லறையில் ஒரு கல் நட்டார்கள். அதுவும் வர்ஜீனியாதான். இந்த மாநிலத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

சரி, இதுவரைக்கும் சொன்னது உளவு வேலையில் உழைத்து ஏமாந்தவர்கள். இன்னொரு பக்கம் இருக்கிறது. உளவு பார்க்கப்பட்டவர்கள். இது நம்ம பக்கம்.

எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரைக்கும் 'கோஇன்டெல்ப்ரோ' என்று ஒரு திட்டம் நடத்தியது. ஆரம்பத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக. பிறகு கறுப்பர் இயக்கங்களுக்கு எதிராக. மார்ட்டின் லூதர் கிங்கின் டெலிபோனை ஒட்டுக்கேட்க 1963இல் அனுமதி கொடுத்தவர் ராபர்ட் கென்னடி. 1964இல் கிங்குக்கு ஒரு மொட்டைக் கடிதமும் டேப்பும் அனுப்பினார்கள். செத்துப்போ என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். ஒரு அரசாங்கம் தன் குடிமகனுக்கு மொட்டைக் கடிதம் எழுதுகிறது!

சிகாகோவில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியின் இளம் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன். வயசு 21, உங்க வயசு. குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிற திட்டத்தை நடத்தினவர். கறுப்பர், போர்ட்டோ ரிக்கர், ஏழை வெள்ளையர் மூன்று கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைத்தவர். இந்தக் கடைசி வேலைதான் ஆளுகிறவர்களுக்குத் தாங்க முடியாதது. அவருடைய பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ஓ'நீல். ஓ'நீல் கார் திருட்டில் மாட்டின கறுப்புப் பையன். வழக்கை விட்டுவிடுகிறோம், எங்களுக்குச் சொல்லு என்று எஃப்.பி.ஐ. பிடித்துப் போட்டது. அவர் ஹாம்ப்டன் வீட்டு வரைபடத்தை வரைந்து கொடுத்தார், எந்த அறையில் கட்டில் என்பது உள்பட. 1969 டிசம்பர் 4, விடியற்காலை ஐந்து மணிகூட ஆகவில்லை, போலீஸ் உள்ளே புகுந்து சுட்டது. நிறைமாத கர்ப்பிணியாக இருந்த துணைவிக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஹாம்ப்டனும், மார்க் கிளார்க் என்கிற இன்னொரு தோழரும் செத்தார்கள். சுடப்பட்டது எண்பது குண்டுக்கு மேல், உள்ளே இருந்தவர்கள் சுட்டது ஒரே ஒரு குண்டு என்று பின்னால் விசாரித்த ஜூரியே சொன்னது. ஓ'நீலுக்குப் போனஸ் 300 டாலர். 1982இல் 18 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு கொடுத்து வழக்கை முடித்தார்கள், யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

அந்த வரைபடம் ஒரு காகிதம். உளவு மியூசியத்தில் வைக்க அதைவிடப் பொருத்தமான பொருள் இருக்கிறதா? கீழே என்ன சீட்டு எழுதுவீர்கள்?

இந்தக் கட்சியின் பேரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்றவர்களும் தலித் பேந்தர்ஸ் என்று பேர் வைத்தார்கள். அங்கிருந்துதான் நம்ம மண்ணுக்கும் சிறுத்தை வந்தது. ஆகவே ஹாம்ப்டன் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை, ஒருவகையில் பங்காளி வீட்டுச் சாவு. பேரை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு நடந்ததைப் படிக்காமல் விட்டால் எப்படி?

ஓ'நீலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவரைத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை. சிறைக்குப் பயந்த ஏழைப் பையனை வைத்து இன்னொரு ஏழைப் பையனைச் சுடுகிறது அதிகாரம். கடைசி வரிசையில் இருக்கிற நம்ம நண்பரும் எந்தத் தெருவில் பிறந்தவரோ, எந்தக் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்தவரோ, எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதுகிற நோட்டு யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கவலை.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இந்தக் கோஇன்டெல்ப்ரோ என்கிற பேர் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? பென்சில்வேனியாவில் மீடியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே எஃப்.பி.ஐ.யின் சின்ன ஆபீஸ். வியட்நாம் போரை எதிர்த்த எட்டுப்பேர். இயற்பியல் பேராசிரியர் வில்லியம் டேவிடன், ஒரு டாக்சி டிரைவர், பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், இப்படிப்பட்டவர்கள். அந்தப் பெண், கல்லூரி மாணவி மாதிரி, பெண்களுக்கு எஃப்.பி.ஐ.யில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு எழுதப்போவதாகச் சொல்லி உள்ளே போய், கதவு எங்கே, அலாரம் உண்டா என்று பார்த்துவிட்டு வந்தார். டாக்சி டிரைவர் பூட்டுத் திறப்பதை அஞ்சல் வழியில் படித்தார். சிரிக்காதீர்கள், நிஜம். 1971 மார்ச் 8, முகமது அலிக்கும் ஃபிரேசியருக்கும் குத்துச்சண்டை நடந்த ராத்திரி, ஊரே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கதவை நெம்பி உள்ளே போய் எல்லாக் கோப்புகளையும் சூட்கேஸில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். படித்துப் பார்த்து, பிரதி எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில்தான் அந்தப் பேர் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து இழுத்து, 1975இல் செனட்டில் சர்ச் கமிட்டி விசாரணைவரைக்கும் போனது. எட்டுப்பேரில் ஒருத்தரையும் எஃப்.பி.ஐ.யால் பிடிக்க முடியவில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்து, 2014இல்தான் பெரும்பாலானோர் தாங்களாகவே வெளியே வந்து சொன்னார்கள்.

வேவு பார்த்தல், வேடம் போடுதல், பூட்டுத் திறத்தல், சரியான ராத்திரியைத் தேர்ந்தெடுத்தல், பிடிபடாமல் திரும்புதல். சிறப்பு நடவடிக்கை என்றால் இதுதானே? கூலி வாங்காமல் செய்தது. ஆஷ்பர்ன் மாளிகையில் இதற்கு ஒரு அறை கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்கிறேன்.

கேட்டால் நடக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணமும் இருக்கிறது. வாஷிங்டனில் 2002இல் திறந்த சர்வதேச உளவு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. 2019இல் புதுக் கட்டடத்துக்குப் போனது. கூட்டம் அலைமோதுகிற இடம், நுழைவுச் சீட்டு வாங்கியவரும் உளவாளி மாதிரி விளையாடிப் பார்க்கலாம். அங்கே சி.ஐ.ஏ.யின் சித்திரவதை விசாரணையைப் பற்றி ஒரு பகுதி வைத்தார்கள். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைக்கிற முறை உள்பட. அது பலன் தந்தது, தரவில்லை என்று இரண்டு பக்கமும் உண்டு என்கிற தோரணையில் இருந்தது. ஆனால் அமெரிக்க செனட்டின் குழுவே 2014 டிசம்பரில், அந்த முறை உருப்படியான தகவல் எதையும் தரவில்லை என்று நூற்றுக்கணக்கான பக்கம் அறிக்கை வெளியிட்டிருந்தது. மூன்று செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். பத்திரிகையில் வந்தது. மியூசியம் 2020இல் அந்தப் பகுதியை மாற்ற ஒப்புக்கொண்டது. 'இரண்டு பக்கமும் உண்டு' என்பதை நாம் நன்றாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். எரித்தவனுக்கும் ஒரு பக்கம், எரிந்தவனுக்கும் ஒரு பக்கம்.

பெர்லினில் வேறு மாதிரி நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை ஸ்டாசி. 1989இல் அதற்கு முழுநேர ஊழியர் மட்டும் 90 ஆயிரம் பேர் அளவுக்கு, அதற்கு மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ரகசியத் தகவலாளிகள். 1990 ஜனவரி 15 அன்று ஜனங்கள் அதன் தலைமையகத்துக்குள் புகுந்தார்கள், கோப்புகளை எரிக்கவிடாமல் தடுத்தார்கள். அதே வருசம் நவம்பரில் அதே கட்டடத்தில் மியூசியத்தைத் திறந்தார்கள். நடத்தினவர்கள் ஸ்டாசியை எதிர்த்துப் போராடின ஆட்கள். கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1992 முதல் அவரவர் கோப்பை அவரவர் கேட்டுப் படிக்கலாம் என்று சட்டம். கட்டின மனைவியை உளவு பார்த்த கணவனும் அதில் வெளியே வந்தான். ஸ்டாசி, எதிர்ப்பாளர்களின் உடம்பு வாசனையை மஞ்சள் துணியில் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைத்திருந்தது, மோப்ப நாய்க்குக் காட்டுவதற்காக. அந்த ஜாடியையும் வெளியே கொண்டுவந்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். இங்கே சீட்டை எழுதினது, யாருடைய வாசனையைப் பிடித்து அடைத்தார்களோ அவர்கள் கூட்டம்.

கம்யூனிசத்தை எதிர்த்ததால் இதை மேற்கத்திய உலகம் கொண்டாடுகிறது, அதே உலகம் தன் வீட்டில் இப்படித் திறக்குமா என்று ஒரு தோழர் முணுமுணுக்கிறார், கேட்கிறது. சரியான கேள்வி. அதனால்தான் ஆஷ்பர்னையும் பெர்லினையும் சேர்த்துப் பேசுகிறேன். ஒன்றைக் கட்ட நினைப்பது உளவு பார்த்தவர்களின் வாரிசுகள். இன்னொன்றைத் திறந்தது உளவு பார்க்கப்பட்டவர்கள். முதலாவது மாளிகையில் வீரம் இருக்கும், தந்திரம் இருக்கும், பேனாவுக்குள் துப்பாக்கி இருக்கும், பிள்ளைகளுக்குக் குஷியாக இருக்கும். நாஜிகளை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்களும் அந்த ஓ.எஸ்.எஸ்.சில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ரால்ஃப் பன்ச் என்கிற கறுப்பு அறிஞர், பின்னால் 1950இல் சமாதான நோபல் வாங்கினவர், அதில் ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வாளராக வேலை பார்த்தவர்தான். அவர் படத்தை நிச்சயம் மாட்டுவார்கள். ஒருத்தர் படத்தை மாட்டிவிட்டு மற்றவர்களை மறப்பது நமக்கும் பழகின ஏற்பாடுதான்.

முகாமில் இனி இரண்டு நாள் இருக்கிறது. நான் கேட்பது இது. ஒவ்வொருத்தரும் அவரவர் ஊரில் ஆயா, தாத்தா, பெரியம்மா யாராவது ஒருத்தரிடம் போய், 'நீ ஆண்டை வீட்டில் கேட்டு வந்து சேரிக்குச் சொன்னது எதாவது உண்டா' என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் இப்போதைக்கு வெளியே விட வேண்டாம், அந்த ஆண்டைகளின் பேரன்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள். கேள்விகளை நானும் ஒரு தங்கச்சியும் சேர்ந்து எழுதியிருக்கிறோம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறோம்.

என் பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள். கடைசி வரிசை நண்பர் எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டினாலும் நல்லதுதான், தேதி, எண் எதையாவது நான் மாற்றிச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்வேன்.